கோடை விடுமுறையில் தரங்கம்பாடி: குடும்பத்தோடு போவோர் கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

தரங்கம்பாடி சின்ன ஊர். டேனிஷ் கோட்டை, கடற்கரை, ராஜ வீதி, சீயோன் தேவாலயம், புதிய எருசலேம் தேவாலயம், மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் நடக்கும் தூரத்தில்தான். ஊருக்குள் சுற்றுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் திண்டாடுவது வேறு விஷயங்களில்: அறை கிடைக்காது, கோட்டை மூடியிருக்கும் நாளில் போய் நிற்பார்கள், அல்லது உச்சி வெயிலில் குழந்தைகளோடு நிழல் தேடி அலைவார்கள். மூன்றையுமே வீட்டில் உட்கார்ந்தபடியே சரிசெய்துவிடலாம். அதற்கான வரிசை இது.

1. ரயிலுக்கு முன்னால் பஞ்சாங்கம் பாருங்கள்

தரங்கம்பாடியிலிருந்து ஏழு கிலோமீட்டரில் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், பீமரத சாந்தி, சதாபிஷேகம் என்று தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் ஊர். முகூர்த்த நாளென்றால் அங்குள்ள லாட்ஜுகள் மொத்தமாகப் பதிவாகிவிடும். அங்கே இடம் கிடைக்காதவர்கள் தரங்கம்பாடி, பொறையார், காரைக்கால் என்று பரவுவார்கள். சித்திரை, வைகாசியில் முகூர்த்தங்கள் அதிகம். பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில்தான். ஆகவே காலண்டரில் முகூர்த்த நாள்களை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு முந்தைய இரவையும் சேர்த்துத் தவிர்த்துவிடுங்கள். வேண்டுதலுக்கு வருபவர்கள் முதல் நாள் மாலையே அறை எடுத்துவிடுவார்கள். முகூர்த்தத்தன்று மதியத்துக்கு மேல் அறைகள் மளமளவென்று காலியாகும்.

அடுத்து கிழமை. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அரசு விடுமுறை நாள்களிலும் மூடியிருக்க வாய்ப்பு உண்டு. சனிக்கிழமை திருநள்ளாறுக்குக் கூட்டம் குவியும் நாள். காரைக்காலில் அறையும் வண்டியும் கிடைப்பது சிரமம். ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும் என்பதால் கட்டடம் பார்க்க உள்ளே போக முடியாது. இந்த மூன்று நாளையும் கழித்துப் பார்த்தால் திங்கள் போய் வியாழன் திரும்புவதுதான் நல்ல கணக்கு. வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் வழக்கமான வார இறுதித் திட்டம் இந்த ஊருக்கு ஒத்துவராது.

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28, 29 வரை போகும். கைக்குழந்தையோ வயதானவர்களோ உடன் வந்தால் ஏப்ரல் கடைசி வாரம் அல்லது ஜூன் முதல் வாரத்தைப் பாருங்கள்.

மீனுக்காகப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான தகவல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு, ஃபைபர் படகுகள் பிடித்து வருவது மட்டும்தான் கரைக்கு வரும். வஞ்சிரம் போன்ற பெரிய மீன் விலை ஏறிக் கிடக்கும், சில இடங்களில் ஐஸில் கிடந்த மீனைத்தான் வறுத்துத் தருவார்கள். சாப்பிட உட்காரும் முன் “இன்னைக்குக் கரையில என்ன வந்துச்சு?” என்று கேளுங்கள். சின்ன மீன், நண்டு என்று பதில் வந்தால் நம்பிச் சாப்பிடலாம்.

2. எந்த ஊரில் தங்குவது

இந்தப் பயணம் சுகமாக அமைவதும் சொதப்புவதும் இந்த ஒரு முடிவில்தான், அதனால் அவசரப்படாமல் முடிவெடுங்கள்.

தரங்கம்பாடிக்குள்ளேயே தங்கினால் விடியற்காலைக் கடற்கரையும் அந்தி நேரக் கோட்டையும் கையெட்டும் தூரத்தில். ஆனால் உள்ளே இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய விடுதிகள்தான். பழைய பங்களாக்களைப் புதுப்பித்து நடத்தும் பாரம்பரிய விடுதிகளும் அதில் அடக்கம். அவற்றில் ஓர் அறைக்கு ஒரு இரவுக்கு 5,000 முதல் 9,000 ரூபாய் வரை ஒதுக்கி வையுங்கள். அறைகள் குறைவு என்பதால் இரண்டு மாதம் முன்பே பேச வேண்டும். இரவு எட்டரைக்கு மேல் சாப்பாடு விடுதிக்குள் கிடைத்தால்தான் உண்டு.

திருக்கடையூரில் அறை எளிய விலையில், ஏசியோடு 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் அமையும். சாப்பாடு சைவம். அதிகாலையிலேயே மேளச் சத்தம் தொடங்கிவிடும், தூக்கம் கலையும்.

காரைக்கால் பதினைந்து கிலோமீட்டர். அறைகள் அதிகம், மருந்துக்கடை, ஏடிஎம், குழந்தைகள் சாப்பிடுகிற வகையில் உணவகங்கள், அரசுப் பொது மருத்துவமனை எல்லாம் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தாலோ, பெரியவர்களுக்கு நாள்பட்ட நோய் இருந்தாலோ காரைக்காலை மையமாக வைப்பதே நல்லது. வசதி இருந்தால் முதல் இரவு மட்டும் தரங்கம்பாடியில், மீதி இரண்டு இரவு காரைக்காலில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் இதுதான் குடும்பத்துக்குப் பொருந்தும் ஏற்பாடு.

வேளாங்கண்ணியில் தங்கி ஒரு நாள் வந்துபோகலாம் என்று சிலர் திட்டமிடுவார்கள். ஒருவழியே ஏறக்குறைய 47 கிலோமீட்டர், நடுவில் நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் நெரிசல். காலை கடற்கரை நேரமும் மாலைக் கோட்டை நேரமும் இரண்டுமே போய்விடும். வேண்டாம்.

3. அறை பேசும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

போனில் பேசும்போது இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, குறிப்பிட்ட நேரமா? கோயில் ஊர் லாட்ஜுகளில் பல 24 மணி நேரக் கணக்கில் நடப்பவை; அதிகாலை ஐந்துக்கு நுழைந்தால் மறுநாள் ஐந்துக்குக் காலி செய்ய வேண்டும். சுற்றுலா விடுதிகளில் பிற்பகல் 12 அல்லது 2 மணிக்குத்தான் அறை தருவார்கள். அதிகாலை ரயிலில் இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மின்வெட்டின்போது ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா? “ஜெனரேட்டர் இருக்கு” என்பார்கள். பல இடங்களில் விளக்கும் மின்விசிறியும் மட்டும்தான் அதில் ஓடும். மே மாத இரவில் இது பெரிய வித்தியாசம்.

குளியலறைத் தண்ணீர் உப்புத் தண்ணீரா? கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பது சகஜம். சோப்பு நுரைக்காது, குழந்தைகளுக்குத் தோல் அரிக்கும். தெரிந்துகொண்டால் அதற்கேற்ற ஷாம்பூவும் தேங்காய் எண்ணெயும் எடுத்துப் போகலாம்.

கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, எத்தனை வயது வரை குழந்தைக்கு இலவசம், சொல்லும் விலை ஜிஎஸ்டி சேர்த்தா? 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்.

முன்பணம் கட்டும் முன், தேதி மாற்றினால் பணம் திரும்புமா என்பதையும் கேளுங்கள். முகூர்த்த நாள் ஒட்டிய பதிவுகளுக்குப் பணம் திரும்பாது என்பதுதான் பொதுவான நடைமுறை.

4. ரயிலா, பஸ்ஸா, காரா

மயிலாடுதுறை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சாலை வழி. முன்பதிவு பயண நாளைக் கழித்து 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். மே 10 பயணம் என்றால் மார்ச் 11. திரும்பும் டிக்கெட்டுக்கு அதன் தேதியிலிருந்து தனியாக 60 நாள் எண்ணுங்கள். போகும் டிக்கெட் எடுத்த நிம்மதியில் இதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். தத்கால் முந்தைய நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. உறுதியான தத்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் வராது. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை ஒரு வாரம் முன்பே முடித்து வையுங்கள், அந்தக் காலை நேரத்தில் ஓடிபி வராமல் தவிக்க வேண்டாம்.

ஐந்து வயதுக்குக் கீழ் படுக்கை கேட்காத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. அந்தப் பாதியை எடுத்துவிட்டு இரவில் ஒரே படுக்கையில் இருவர் நெளிவதைவிட முழுதாகக் கட்டிவிடுவது மேல்.

சென்னையிலிருந்து இரவு ரயில்களில் ஒரு பொறி இருக்கிறது. ராமேஸ்வரம், தஞ்சாவூர் பக்கம் போகும் ரயில்கள் மயிலாடுதுறையைத் தொடுவது நள்ளிரவிலோ விடியுமுன்னோதான். தூங்கும் குழந்தைகளை எழுப்பி, பெட்டிகளோடு இறங்கி, விடியும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு நல்ல மாற்று உண்டு. பகலில் ஓடும் சோழன் எக்ஸ்பிரஸில் வந்தால் மதிய வேளையில் இறங்கி, நேராக அறைக்குப் போய் ஓய்வெடுக்கலாம். அல்லது எழும்பூர் – காரைக்கால் எக்ஸ்பிரஸ்: கடைசி நிலையம் வரை போகிற ரயில் என்பதால் இறங்கும் அவசரம் இல்லை. எதுவானாலும் புறப்படும் நிலையம் எழும்பூரா தாம்பரமா என்று முந்தைய நாள் சரிபாருங்கள். கோவையிலிருந்து வருபவர்களுக்கு மயிலாடுதுறை ஜன் சதாப்தி பகலிலேயே கொண்டுவந்து சேர்க்கும். செவ்வாய்க்கிழமை அது ஓடாது.

மயிலாடுதுறை பேருந்து நிலையத்திலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பொறையார் போகும் பஸ்ஸில் ஏறினால் தரங்கம்பாடி நிறுத்தத்தில் இறங்கலாம். நிறுத்தம் நெடுஞ்சாலையில், கோட்டை அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் அளவு கிழக்கே. பெட்டிகளோடு வெயிலில் நடக்காமல் ஆட்டோ எடுங்கள். வாடகை கார் என்றால் நிலையத்திலிருந்து 1,000 – 1,200 ரூபாய் பேசலாம்.

காரில் வருபவர்களுக்குச் சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக ஏறக்குறைய 280 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்தி வந்தால் ஏழு மணி நேரம். காலை ஐந்துக்குள் கிளம்பினால் புதுச்சேரியைக் காலை நெரிசலுக்கு முன் தாண்டலாம், மதியச் சாப்பாட்டுக்கு அறையில் இருக்கலாம்.

5. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

- பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் புகைப்பட அடையாள அட்டை. ஒருவருடையது போதாது, விடுதியில் எல்லோருடையதையும் கேட்கலாம். நகல் தருவதென்றால் எண் மறைத்த ஆதாரைத் தரவிறக்கி அச்செடுத்துப் போங்கள்.
- குழந்தைகளின் ஆதார் அல்லது பள்ளி அடையாள அட்டை. பாதி டிக்கெட்டுக்கு வயதைக் காட்ட இதுவே ஆதாரம்.
- வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் வந்தால் பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ அட்டை. விடுதிக்காரர் அவர்கள் தங்குவதை அரசுக்குத் தெரிவித்துப் பதிவு செய்தாக வேண்டும். சின்ன லாட்ஜுகள் பல இந்த வேலைக்கு அஞ்சி அறையே தர மறுக்கும். பதிவு செய்யும்போதே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.
- காரில் போனால் ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. வாடகை கார் என்றால் எல்லை தாண்டும் பர்மிட் உண்டா, இல்லையென்றால் அந்தச் செலவு யாருடையது என்று கிளம்பும் முன் பேசிவிடுங்கள்.

காரைக்காலில் பெட்ரோல் விலை குறைவு, அங்கே நிரப்பிக்கொள்ளலாம். அங்கிருந்து மதுபாட்டில் வாங்கி வண்டியில் வைத்துத் தமிழ்நாட்டுக்குள் வர வேண்டாம். நண்டலாறு சோதனைச்சாவடியில் சோதிப்பார்கள்; பிடிபட்டால் வழக்கு, வண்டிப் பறிமுதல் என்று குடும்பப் பயணமே நாசமாகும்.

6. செலவுக் கணக்கு

இரண்டு பெரியவர், படுக்கை எடுக்கும் இரண்டு குழந்தைகள், மூன்று இரவு என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு இது. சென்னை – மயிலாடுதுறை மூன்றாம் ஏசி தலைக்குச் சுமார் 550, போகவர 4,400. நிலையத்துக்குப் போகவர கார் 2,400. இரண்டு நாள் சுற்ற வாடகை கார், ஓட்டுநர் படியோடு 6,000. ஏசி அறை இரவுக்கு 2,500 வீதம் 7,500. சாப்பாடு 6,500. தண்ணீர், இளநீர், நுழைவுச்சீட்டு, ஆட்டோ என்று 1,500. மொத்தம் 28,300 ரூபாய். மூன்று இரவில் ஒன்றைத் தரங்கம்பாடிப் பாரம்பரிய விடுதிக்கு மாற்றினால் 30,800 – 34,800 வரை போகும்.

குறைக்க வேண்டுமானால் ரயிலில் ஸ்லீப்பர் எடுங்கள் (தலைக்குச் சுமார் 200 ரூபாய்), ஒரு நாள் காரை விட்டு பஸ்ஸில் சுற்றுங்கள். அறையின் ஏசியில் மட்டும் கை வைக்காதீர்கள். மதியம் நான்கு மணி நேரம் உள்ளே இருக்கப்போகும் இடம் அது.

ஏடிஎம் நம்பி வெறுங்கையோடு வர வேண்டாம். யுபிஐ பெரும்பாலான கடைகளில் ஓடும், ஆனால் நுழைவுச்சீட்டு, பஸ், ஆட்டோவுக்குப் பத்து இருபது ரூபாய்த் தாள்கள் தனியாக இருக்கட்டும்.

7. வெயிலைப் பார்த்து நாளைப் பிரியுங்கள்

மே மாதத்தில் இங்கே சூரியன் 5.45 – 5.50 வாக்கில் எழும். ஐந்தரைக்குக் கடற்கரையில் இருங்கள். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சக் கட்டடத்தைக் காக்கப் பெரிய பாறைகளை அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பாறை வரிசைக்கு மேலே நின்று பார்த்தால், கோயில் எவ்வளவு ஒட்டினாற்போல் தப்பி நிற்கிறது என்பது குழந்தைகளுக்குக்கூடச் சொல்லாமலே புரியும். ஏழு மணிக்கு 1792-இல் கட்டிய நகர வாயில் பக்கம் வந்து ராஜ வீதியில் நடந்தால் இரண்டு தேவாலயங்களையும் வெளியிலிருந்து பார்த்துவிடலாம். உள்ளே போக வேண்டுமென்றால் வளாகத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். எட்டரைக்குள் நடையை முடித்துவிடுங்கள்.

கோட்டை காலை 10 மணிக்குத் திறக்கும், மதியம் 1 முதல் 2 வரை உணவு இடைவேளை. பத்து மணிக்குள் வெயில் ஏறிவிடும், கோட்டையின் மேல்தளத்திலும் முற்றத்திலும் நிழல் கிடையாது. ஆகவே மாலை நாலு மணிக்குப் போங்கள். முதலில் அறைகளுக்குள் இருக்கும் அருங்காட்சியகம், ஐந்து மணி வாக்கில் கடலைப் பார்த்த மேல்தளம். ஐந்துக்கு மேல் சீட்டு வாங்கினால் அரைகுறையாகத்தான் பார்க்க முடியும்.

பன்னிரண்டிலிருந்து நாலு வரை அறைக்குள்தான். கடற்காற்று மதியத்துக்குள் திரும்பிவிடும் நாளில் வெயில் தாங்கும். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வலுத்து வீசும் நாளில் கடற்காற்று வரத் தாமதமாகும். அன்றைக்குப் புழுக்கமும் அனலும் சேர்ந்து வாட்டும். காலை பத்து மணிக்குக் கொடியோ தென்னங்கீற்றோ கடலை நோக்கிப் பறந்தால் அன்று மாலைத் திட்டத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

ஓஆர்எஸ் பொட்டலங்கள் நாலைந்து எடுத்து வையுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். சின்ன பாட்டிலில் மொத்தத்தையும் கொட்டிக் கொடுத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கெடுதல். கொசுவர்த்தி, செருப்புக்குப் பதில் பின்பட்டை உள்ள சாண்டல், வெள்ளைத் தொப்பி ஆகியவை கட்டாயம்.

8. கடலில் இறக்காதீர்கள்

கோட்டைக்கு எதிரே மணல் பரப்பு அழகாக இருக்கும், அலையும் சாதுவாகத் தெரியும். ஆனால் இது குளிப்பதற்கான கடற்கரை இல்லை. கரை சட்டென்று ஆழமாகும்; அலை திரும்பும்போது காலடி மணலை அரித்து இழுக்கும். பாறை அடுக்கியுள்ள இடங்களில் அலை மோதித் திரும்பும் வேகம் இன்னும் அதிகம். கணுக்கால் நனையும் அளவுக்கு, பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு மட்டும். பாறைகள் பாசி பிடித்து வழுக்கும், இடுக்குகளில் கால் சிக்கும். படம் எடுக்க அதன்மேல் குழந்தைகளை ஏற்ற வேண்டாம். அவசரத்துக்கு 108. முதலுதவிக்குப் பக்கத்தில் பொறையார், பெரிய சிகிச்சைக்குக் காரைக்கால்.

9. சுற்றுவட்டாரத்தில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள்

திருக்கடையூர், பூம்புகார், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி, சிதம்பரம், பிச்சாவரம் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் அடைக்கப் பார்த்தால் குழந்தைகள் காருக்குள்ளேயே விடுமுறையைக் கழிப்பார்கள். வடக்கே ஒரு நாள், தெற்கே ஒரு நாள் போதும்.

வடக்கு நாளில் காலை ஆறு மணிக்குத் திருக்கடையூர் தரிசனம், அங்கேயே டிபன், பிறகு பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடம், பதினொன்றரைக்கு அறை. தெற்கு நாளில் காலை திருநள்ளாறு அல்லது நாகூர் தர்கா, மாலை காரைக்கால் கடற்கரை. கோயில்கள் மதியம் நடை சாத்தினால் மாலை நாலு மணி வாக்கில்தான் திறக்கும். பதினொரு மணிக்கு மேல் கோயிலுக்குக் கிளம்பாதீர்கள். பிச்சாவரம் போக ஆசை இருந்தால், காரில் வருபவர்கள் சென்னைக்குத் திரும்பும் வழியில் காலையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். படகில் தலைக்கு மேல் எதுவும் இல்லை என்பதால் மதியம் வேண்டவே வேண்டாம்.

10. திரும்பும் நாள்

இரவு ரயில் என்றால் காலையில் அறையைக் காலி செய்துவிட்டு நாள் முழுக்க அலைய நேரும். பதிவு செய்யும்போதே கடைசி நாளுக்கு அரை நாள் வாடகை பேசி வையுங்கள், பல லாட்ஜுகள் ஒத்துக்கொள்ளும். மாலை ஐந்தரைக்குத் தரங்கம்பாடியிலிருந்து கிளம்பினால் மயிலாடுதுறையில் இரவுச் சாப்பாட்டுக்கும் நேரம் இருக்கும். முகூர்த்த நாள் மாலை என்றால் திருக்கடையூர்க் கடைத்தெருவில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். அன்றைக்கு மட்டும் முக்கால் மணி நேரம் முன்னதாகவே காரை வரச் சொல்லிவிடுங்கள்.